லாக்4ஜே ஓட்டையை அடைக்கப் பதிப்பு உயர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 டிசம்பரில் ஜாவா உலகத்தைத் தூங்கவிடாமல் செய்த லாக்4ஜே ஓட்டைக்கு அந்த மாதமே மருந்து வந்துவிட்டது. ஆனாலும் பழைய ஜாவா ப்ராஜெக்ட் ஒன்றைப் புதிதாகக் கையில் வாங்குகிறவர்கள் இன்றும் அதே கேள்விகளோடு வருகிறார்கள். எந்தப் பதிப்புக்குப் போவது, எங்கே மாற்றுவது, மாற்றிய பிறகும் ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் ஏன் கத்துகிறது? அந்த டிசம்பரில் எங்கள் டீம் பட்ட பாட்டையும், பிறகு பல ப்ராஜெக்ட்களில் இதே வேலையைச் செய்து தெரிந்துகொண்டதையும் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். ஜாவா ப்ராஜெக்ட்களை பில்ட் செய்யும் கருவிகளான மேவன் அல்லது கிரேடில் ஓரளவு பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது.

லாக்4ஜே என்பது என்ன?

ஜாவா நிரல்கள் தாங்கள் செய்வதை வரி வரியாக எழுதிவைக்க உதவும் லைப்ரரி. யார் லாகின் செய்தார், எந்தக் கோரிக்கை தோற்றது, எப்போது பிழை வந்தது என்பதெல்லாம் இதன் வழியாகத்தான் லாக் ஃபைலுக்குப் போகும். அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் கீழ் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். லாக் எழுதாத ஜாவா நிரலைப் பார்ப்பது அபூர்வம் என்பதால் பெரிய நிறுவன மென்பொருள் முதல் விளையாட்டு சர்வர் வரை இது பரவிக்கிடக்கிறது.

ஒரு லாக் வரி எப்படி சர்வரையே பறித்துக்கொடுக்கும்?

லாக்4ஜே 2இல் 'லுக்அப்' என்று ஒரு வசதி உண்டு. டாலர் குறி போட்டு, நெளிந்த அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைக் கொடுத்தால், அந்த இடத்தில் அந்தப் பெயருக்கு உரிய மதிப்பை வைத்து எழுதும். ஜாவா பதிப்பு எண், தேதி, என்விரான்மென்ட் வேரியபிள் என்று பலவற்றை இப்படி எடுக்கலாம். கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறவரை இது நல்ல வசதிதான். ஆனால் லாக் ஆகப்போகும் செய்தியின் உள்ளேயும் லாக்4ஜே இதைத் தேடியது. செய்திக்குள் வெளியாள் தட்டிய எழுத்தும் இருக்குமே! வினை அங்கேதான் தொடங்கியது.

2013இல் வந்த 2.0-பீட்டா9 பதிப்பில் ஜேஎன்டிஐ என்ற ஜாவா வசதியையும் லுக்அப் பட்டியலில் சேர்த்தார்கள். வேறொரு சர்வரிடம் போய் ஒரு பெயரைச் சொல்லி அதற்குரிய பொருளை வாங்கிவருவது ஜேஎன்டிஐயின் வேலை.

இப்போது ஒரு லாகின் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாக்குபவர் பயனர் பெயர் பெட்டியில் டாலர் குறி, நெளிந்த அடைப்புக்குறி, ஜேஎன்டிஐ, எல்டாப் (சர்வரோடு பேசும் ஒரு முறை), அப்புறம் தன் சர்வரின் முகவரி என்று ஒரே வரியாகத் தட்டுகிறார். கடவுச்சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, லாகின் தோற்கத்தான் போகிறது. தோற்றதும் உங்கள் நிரல் கடமை தவறாமல் "இந்தப் பெயரில் லாகின் தோல்வி" என்று லாக் எழுதப் போகிறது. லாக்4ஜே அந்த வரியைப் பார்த்து, இது லுக்அப் என்று எண்ணி, தாக்குபவரின் சர்வரைத் தொடர்புகொள்கிறது. அந்த சர்வர் "நீ கேட்ட கிளாஸ் இந்த முகவரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று கைகாட்டுகிறது. ஜாவா அதை இறக்கி ஓட்டுகிறது. லாகின் செய்யாமலேயே அவருடைய நிரல் உங்கள் சர்வரில் ஓடத் தொடங்கிவிட்டது.

பயனர் பெயர்தான் என்றில்லை. பிரௌசர் அனுப்பும் யூசர் ஏஜென்ட், தேடல் சொல், மின்னஞ்சல் தலைப்பு, எது லாக் ஆனாலும் போதும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் சாட் பெட்டியில் ஒரு வரி எழுதினாலே வேலை முடிந்தது.

அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் 2021 நவம்பர் 24 அன்று இதை அப்பாச்சிக்குத் தனியாகத் தெரிவித்தார். டிசம்பர் 9, 10 வாக்கில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஓட்டைகளை அடையாளம் காட்டும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2021-44228 என்ற எண்ணும், தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் கிடைத்தன. லாக்4ஷெல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

எந்தப் பதிப்புக்கு மாற வேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொரு எண் சொல்கிறார்களே?

ஒவ்வொருவரும் அந்த மாதத்தின் வெவ்வேறு நாளில் எழுதிய குறிப்பைப் படித்திருப்பார்கள். மூன்று வாரத்துக்குள் நான்கு பதிப்புகள் வந்தன.

முதலில் வந்தது 2.15.0. செய்திக்குள் லுக்அப் தேடுவதை இயல்பாக நிறுத்தியது. அது முழுமையான அடைப்பு இல்லை என்று சில நாளிலேயே தெரிந்தது. லாக் வரியின் வடிவத்திலேயே பயனர் ஐடி போன்ற சூழல் மதிப்புகளைச் சேர்க்கும் அமைப்பு இருந்தால், அந்த வழியாக நுழைய முடிந்தது. அதற்கு சிவிஇ-2021-45046 என்று எண் கொடுத்தார்கள். முதலில் 3.7 என்று சின்னதாக மதிப்பெண் போட்டு, பிறகு 9.0க்கு உயர்த்தினார்கள். டிசம்பர் 13 அன்று வந்த 2.16.0, செய்தி லுக்அப்பை அடியோடு நீக்கி, ஜேஎன்டிஐயையும் இயல்பாக அணைத்துவைத்தது. அடுத்து, லுக்அப் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி அழைத்து நிரலை முடக்கும் சிவிஇ-2021-45105. அதற்கு 2.17.0. கடைசியாக, கான்ஃபிக் ஃபைலை மாற்றும் அதிகாரம் உள்ளவர் டேட்டாபேஸ் அப்பெண்டர் (லாக்கை டேட்டாபேஸில் எழுதும் பகுதி) வழியாக நிரலை ஓட்டக்கூடிய சிவிஇ-2021-44832. அதற்கு டிசம்பர் 28 அன்று 2.17.1.

ஆகவே ஜாவா 8 அல்லது அதற்கு மேல் என்றால் 2.17.1தான் கீழ் எல்லை. இன்று புதிதாக மாற்றுகிறவர் அங்கே நிற்க வேண்டிய காரணமே இல்லை, 2.x வரிசையில் இப்போது இருக்கும் கடைசிப் பதிப்புக்குப் போய்விடலாம். ஜாவா 7இல் மாட்டிக்கொண்டவர்களுக்கு 2.12.4, ஜாவா 6க்கு 2.3.2.

யாராவது "நாங்கள் 2.15க்கு மாற்றிவிட்டோம், முடிந்தது" என்று சொன்னால் அவர்கள் முதல் வாரத்தோடு நின்றுவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். நான் பார்த்த ப்ராஜெக்ட்களில் இப்படி நின்றுபோனவை குறைவில்லை.

எங்கள் பில்ட் ஃபைலில் லாக்4ஜே என்ற பெயரே இல்லை. தப்பித்தோமா?

இல்லை. மிக அதிகமானோர் ஏமாந்த இடம் இதுதான்.

நீங்கள் பத்து லைப்ரரிகளைச் சேர்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிலவற்றை இழுத்துவரும், அவை இன்னும் சிலவற்றை. கல்யாண வீட்டில் பத்திரிகை கொடுத்தவர் நூறு பேர், பந்தியில் உட்கார்ந்தவர் ஐந்நூறு பேர் என்கிற கதைதான். லாக்4ஜே பெரும்பாலும் அந்த அழைக்காத கூட்டத்தில் இருக்கும். கூகுளின் ஓப்பன் சோர்ஸ் ஆய்வுக் குழு 2021 டிசம்பர் 16 நிலவரப்படி எண்ணிப் பார்த்தபோது, ஜாவா லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரலில் 35,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் லாக்4ஜேயின் பழைய பதிப்புகளைச் சுமந்துகொண்டிருந்தன. அங்கே இருந்த மொத்தத்தில் அது 8 சதவீதத்துக்கும் மேல் (லாக்4ஜே-ஏபிஐ என்ற துண்டையும் சேர்த்த கணக்கு இது; ஓட்டை உள்ள லாக்4ஜே-கோரை மட்டும் எண்ணியபோது 17,000க்கும் மேல், சுமார் 4 சதவீதம்). அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேலானவற்றில் ஓட்டை ஒரு படிக்கும் கீழே இருந்தது. ஐந்து படி ஆழத்தில் இருந்தவையே அதிகம், ஒன்பது படி ஆழத்திலும் சில இருந்தன.

அதனால் பில்ட் ஃபைலைக் கண்ணால் படித்து முடிவு கட்டாதீர்கள். மேவனில் டிபெண்டென்சி ட்ரீ கட்டளையை ஓட்டி, லாக்4ஜே-கோர் என்று வடிகட்டுங்கள். கிரேடிலில் டிபெண்டென்சி இன்சைட் கட்டளை, யார் அதை இழுத்துவந்தார் என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூல் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டுங்கள். டெஸ்ட்டுக்கு மட்டும் பயன்படும் மாட்யூல் என்று விட்டுவிட வேண்டாம், டெஸ்ட் ஓடும் பில்ட் சர்வரில்தான் ப்ரொடக்ஷன் சாவிகள் கிடக்கும்.

லாக்4ஜே-ஏபிஐ என்ற ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) மட்டும் இருக்கிறது. ஆபத்தா?

லாக்4ஷெல் ஓட்டை இருப்பது லாக்4ஜே-கோரில். ஏபிஐ மட்டும் இருந்தால் இந்தப் பாதிப்பு கிடையாது. ஆனால் மாற்றும்போது இரண்டையும் ஒரே பதிப்பில் வையுங்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று இருந்தால் நிரல் தொடங்கும்போதே 'அந்த மெதட் இல்லை, இந்த கிளாஸ் இல்லை' என்று விழும். லாக்4ஜேயே ஒரு பிஓஎம் (BOM, துண்டுகளின் பதிப்புப் பட்டியல்) தொகுப்பு வெளியிடுகிறது. அதை இறக்குமதி செய்துகொண்டால் எல்லாத் துண்டுகளும் ஒரே எண்ணில் வந்துவிடும்.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறோம்.

இயல்பாக அது லாக்பேக் என்ற வேறொரு லாக் லைப்ரரியைத்தான் பயன்படுத்துகிறது. நீங்களே லாக்4ஜே2 ஸ்டார்ட்டருக்கு மாற்றியிருந்தால் மட்டும் கவலை. அப்படியானால் லாக்4ஜே2 பதிப்புக்கென்று ஸ்பிரிங் பூட் வைத்திருக்கும் ப்ராபர்ட்டியில் எண்ணை மாற்றுங்கள். முடிந்தால் ஸ்பிரிங் பூட்டையே உயர்த்திவிடுங்கள்.

எண்ணை எங்கே மாற்றுவது? நேரடியாக ஒரு டிபெண்டென்சி வரி சேர்த்தால் போதாதா?

ஒரே மாட்யூல் என்றால் போதும். பல மாட்யூல் உள்ள ப்ராஜெக்ட்டில் அது ஏமாற்றும்.

ஒரே லைப்ரரி இரண்டு பதிப்புகளில் கேட்கப்பட்டால் எதை எடுப்பது என்பதில் மேவனுக்கும் கிரேடிலுக்கும் வேறு வேறு குணம். மேவன் மரத்தில் வேருக்கு மிக அருகே இருப்பதை எடுக்கும். அது பழையதா புதியதா என்று பார்க்காது. கிரேடில் இயல்பாக இருப்பதில் உயர்ந்த எண்ணை எடுக்கும். ஆகவே மேவனில், மேலே உள்ள பேரன்ட் pom.xml ஃபைலின் டிபெண்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் எண்ணைக் கட்டிவையுங்கள். மரத்தில் எந்த ஆழத்திலிருந்து வந்தாலும் அந்த எண்தான் செல்லும். கிரேடிலில் கன்ஸ்ட்ரெயின்ட் பகுதியில் குறைந்தபட்சப் பதிப்பைச் சொல்லி, ஏன் என்பதையும் அங்கேயே ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வரியைப் பார்ப்பவர் "இது எதற்கு?" என்று நீக்கிவிடாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

மாற்றியதும் ட்ரீ கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். பில்ட் பச்சையாக முடிந்தது என்பதை வைத்து எண் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பதிப்பிலும் அதே பில்ட் பச்சையாகத்தான் முடிந்தது.

எல்லாம் மாற்றிவிட்டோம். ட்ரீயில் புதிய எண்தான் தெரிகிறது. ஸ்கேனர் ஏன் இன்னும் பழைய பதிப்பு இருக்கிறது என்கிறது?

பெரும்பாலும் ஸ்கேனர் சொல்வது சரியாக இருக்கும். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2.17.0 வந்த அந்த வார இறுதியில் பில்லிங் ஆப்பை மாற்றி முடித்தோம். ட்ரீ சுத்தம், டெஸ்ட் எல்லாம் ஓடிவிட்டது. திங்கள்கிழமை காலை ஸ்கேனர் அதே சர்வரைச் சிவப்பில் காட்டியது. என்னையும் சேர்த்து மூன்று பேர் "தப்பான எச்சரிக்கை" என்று எழுதி மூடிவிடலாம் என்றோம். டீமில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சர்வரில் இருந்த, முழு ஆப்பும் அடங்கிய வார் ஃபைலைத் தன் மெஷினுக்கு எடுத்துவந்து, ஜிப் ஃபைலைப் போல விரித்தார். ஜார், வார் எல்லாம் அடிப்படையில் ஜிப்தானே. உள்ளே ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக்கும் ஒரு ஜார் இருந்தது. அதையும் விரித்தார். அதற்குள் லாக்4ஜே-கோரின் கிளாஸ்கள் மொத்தமாகக் கொட்டிக்கிடந்தன. தனி ஜாராக இல்லாமல் அந்த லைப்ரரியின் சொந்தக் கிளாஸ்களோடு கலந்து கிடந்தன. ஜேஎன்டிஐ லுக்அப் கிளாஸ் அங்கே அப்படியே இருந்தது. பதிப்பு 2.11.

ஷேடிங் என்று இதற்குப் பெயர். ஒரு லைப்ரரியை எழுதியவர், பதிப்புச் சண்டை வராமல் இருக்கத் தனக்குத் தேவையானதையெல்லாம் தன் ஜாருக்குள்ளேயே அரைத்துச் சேர்த்துவிடுவார். சிலர் கிளாஸின் பேக்கேஜ் பெயரையும் மாற்றிவிடுவார்கள். மேவன் மரத்துக்கு அது வெறும் ரிப்போர்ட் ஜார்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. எண்ணை எங்கே கட்டிவைத்தாலும் அது போய்ச் சேராது. ரிப்போர்ட் லைப்ரரியையே உயர்த்தினோம், அதன் பிறகுதான் சிவப்பு மறைந்தது.

அன்றிலிருந்து நான் பில்ட் ஃபைலை நம்பி எதையும் முடிந்ததாக எழுதுவதில்லை. சர்வரில் இருக்கும் ஃபைலை எடுத்து, விரித்து, ஜாருக்குள் ஜார், அதற்குள் ஜார் என்று கடைசிவரை பார்க்கிறேன். அந்தப் பெண்ணிடம் கற்ற பழக்கம்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டுமா?

ஆம். ஜாவா ப்ராசஸ் தொடங்கும்போது ஏற்றிக்கொண்ட கிளாஸ்கள் அது நிற்கும்வரை நினைவகத்தில்தான் இருக்கும். லினக்ஸில் பழைய ஜார் ஃபைலை நீங்கள் அழித்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் அதைக் கையில் பிடித்திருக்கும். ப்ராசஸ் திறந்துவைத்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளையை ஓட்டினால், அழிக்கப்பட்டது என்ற குறியோடு அந்தப் பழைய ஜார் இன்னும் நிற்பதைப் பார்க்கலாம். லோடு பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர் இருந்தால் நான்கையும் பாருங்கள்.

எங்கள் ஆப் உள் நெட்வொர்க்கில் மட்டும்தான் ஓடுகிறது. அவசரம் உண்டா?

உண்டு. தாக்குபவர் உங்கள் உள் சர்வரைத் தொட வேண்டியதில்லை, அவர் எழுதிய எழுத்து அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். வெளியே உள்ள இணையதளம் வேறு மொழியில் எழுதப்பட்டிருக்கலாம். அதில் ஒருவர் தட்டிய பெயர், க்யூ வழியாக ஆர்டர் நிரலுக்குப் போய், அங்கிருந்து இரவு ஓடும் பேட்ச் வேலைக்குப் போய், அங்கே லாக் ஆகும். லாக்குகளைத் திரட்டித் தேட உதவும் மென்பொருள்களே பல ஜாவாவில் எழுதப்பட்டவை.

உள் சர்வரிலிருந்து வெளியே எந்தத் தொடர்பும் போகக்கூடாது என்று கட்டிவைத்திருந்தால் ஆபத்து பெரிதும் குறையும். அந்தக் கட்டு எப்போதும் இருக்க வேண்டிய நல்ல பழக்கம். ஆனால் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு முகவரி தேடும் முறை) கேள்விகள் பெரும்பாலும் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். லுக்அப்புக்குள் லுக்அப் வைத்து, என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கும் ரகசியச் சாவியை ஒரு டொமைன் பெயரின் முன்பகுதியாக்கி டிஎன்எஸ் வழியே கடத்திய தாக்குதல்கள் நடந்திருக்கின்றன.

முன்னால் நிற்கும் ஃபயர்வாலில் அந்த எழுத்துகளைத் தடுத்துவிட்டால்?

ஓரிரு நாள் மூச்சு விட உதவும். ஜேஎன்டிஐ என்ற சொல்லைத் தேடித் தடுத்தால், 'ஜே' என்ற எழுத்தை மட்டும் சின்ன எழுத்தாக்கும் லுக்அப்புக்குள் வைத்து எழுதுவார்கள். ஃபயர்வாலின் கண்ணில் அது வேறு சொல், லாக்4ஜேயின் கையில் அது அதே ஜேஎன்டிஐ. அந்த டிசம்பரில் ஒரு தடுப்பு விதி எழுதி முடிப்பதற்குள் பத்து புதிய வடிவங்கள் வந்தன.

ஜாவாவை மட்டும் புதுப்பித்தால் போதுமா?

போதாது. 8அப்டேட்191, 11.0.1 போன்ற பதிப்புகளிலிருந்து எல்டாப் வழியாகத் தூரத்து கிளாஸை இறக்குவதை ஜாவா இயல்பாகத் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே உங்கள் கிளாஸ்பாத்தில் (நிரல் கிளாஸ்களைத் தேடும் இடம்) இருக்கும் கிளாஸ்களையே ஆயுதமாக்கும் வழிகள் உண்டு, தகவல் கசிவும் நிற்காது.

இந்த வாரம் பதிப்பை உயர்த்தவே முடியாது. இடைக்காலத்துக்கு என்ன செய்யலாம்?

லாக்4ஜே-கோர் ஜாருக்குள் இருக்கும் ஜேஎன்டிஐ லுக்அப் கிளாஸை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜிப் கட்டளையால் ஜாரிலிருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் அழிக்கலாம். அப்பாச்சியே சொன்ன வழி இது. நிரல் வழக்கம்போல் லாக் எழுதும், அந்த ஒரு லுக்அப் மட்டும் வேலை செய்யாது.

செய்தி லுக்அப்பை அணைக்க, ஜாவாவைத் தொடங்கும்போது கொடுக்கும் ஜேவிஎம் ஃப்ளாக் ஒன்றையும் முதல் நாட்களில் எல்லோரும் பரிந்துரைத்தார்கள். 2.10க்கு முந்தைய பதிப்புகளுக்கு அது தெரியவே தெரியாது. அதற்குப் பிந்தையவற்றிலும் சில பாதைகளை அது அடைக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. பழைய ஆவணத்தில் அந்த ஃப்ளாக்கைப் பார்த்தால் அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

கிளாஸை நீக்குவதிலும் ஒரு பொறி உண்டு. அடுத்த டெப்ளாய்மென்ட்டில் பில்ட் சர்வர் முழு ஜாரை மறுபடி வைத்துவிடும். நீக்கிய அன்றே பதிப்பு உயர்த்தலுக்கு ஒரு டிக்கெட்டும் தேதியும் போட்டுவிடுங்கள்.

நாங்கள் இன்னும் லாக்4ஜே 1.x. இந்த ஓட்டை அதில் இல்லையாமே?

லாக்4ஷெல் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் 1.x வரிசைக்கு 2015 ஆகஸ்ட்டிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. அதிலும் ஓட்டைகள் உண்டு. ஜேஎம்எஸ் (ஜாவாவின் செய்தி அனுப்பும் முறை) அப்பெண்டரைக் கான்ஃபிக்கில் போட்டிருந்தால் சிவிஇ-2021-4104, சாக்கெட் சர்வர் பயன்படுத்தினால் சிவிஇ-2019-17571. இவற்றுக்கு 1.x வரிசையில் திருத்தம் வராது. நிரலை மாற்றாமல் தப்ப வேண்டுமானால் ரீலோட்4ஜே என்ற கிளைத் திட்டம் இருக்கிறது. லாக்4ஜேயை முதலில் எழுதியவரே 1.x ஓட்டைகளை அடைத்து வெளியிட்டது. லாக்4ஜே 2க்கே போக நினைத்தால் 1.2 ஏபிஐ பாலம் உதவும்.

விலைக்கு வாங்கிய மென்பொருளுக்குள் பழைய லாக்4ஜே இருக்கிறது. நாங்களே ஜாரை மாற்றிவிடலாமா?

முதலில் வெண்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பதிப்பு இருக்கிறது, எப்போது மாற்றுவீர்கள், அதுவரை என்ன செய்வது? நீங்களே மாற்றினால் ஆதரவு ஒப்பந்தம் போய்விடலாம், மென்பொருளும் தொடங்காமல் போகலாம். பதில் வரும்வரை அந்த சர்வரிலிருந்து வெளியே போகும் தொடர்புகளை அடைத்துவைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

பதிப்பை உயர்த்தினால் ஆப் உடைந்துவிடுமோ என்று மேலாளர் அனுமதி தரவில்லை. என்ன சொல்வது?

அவருடைய பயம் நியாயமானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தொட்டு நிறுத்திவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் பயத்தைக் கேலி செய்யாமல், எது உடையக்கூடும் என்று சரியாகச் சொல்லுங்கள். 2.14இலிருந்து 2.17க்கு வரும்போது செய்திக்குள் லுக்அப் இருக்காது, ஜேஎன்டிஐ இயல்பாக அணைந்திருக்கும். உங்கள் கான்ஃபிக்கில் டேட்டா சோர்ஸையோ ஜேஎம்எஸ்ஸையோ ஜேஎன்டிஐ வழியாக எடுத்திருந்தால் அந்த இடம் மட்டும் நிற்கும், அதற்கென இருக்கும் ப்ராபர்ட்டியைத் தெரிந்தே திறக்க வேண்டியிருக்கும். கான்ஃபிக் ஃபைலை அரை மணி நேரம் படித்தால் இது உங்களுக்குப் பொருந்துமா என்று தெரிந்துவிடும். 2.3 போன்ற மிகப் பழைய பதிப்பிலிருந்து வருகிறீர்கள், ஜாவாவையும் உயர்த்த வேண்டும் என்றால் வேலை பெரியதுதான், அதற்குரிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈக்விஃபாக்ஸ் கதையை விரித்துச் சொல்லலாம். அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனம் அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் லைப்ரரியில் இருந்த சிவிஇ-2017-5638 ஓட்டைக்கு 2017 மார்ச் 7 அன்று திருத்தம் வந்தது. மார்ச் 9 அன்றே நிறுவனத்துக்குள் "48 மணி நேரத்தில் மாற்றுங்கள்" என்று மின்னஞ்சல் போனது. ஸ்கேனும் செய்தார்கள், அதில் பாதிக்கப்பட்ட சர்வர் சிக்கவில்லை. மே மாத நடுவில் அந்த வழியாக நுழைந்தவர்கள் ஜூலை இறுதி வரை உள்ளே இருந்தார்கள். சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் போயின. திருத்தமும் இருந்தது, உத்தரவும் இருந்தது. அந்த லைப்ரரி எந்த சர்வரில் ஓடுகிறது என்ற பட்டியல்தான் சரியாக இல்லை. எனக்கு இந்தக் கதையில் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைவது அந்த இடம்தான்.

ஓட்டையை அடைத்துவிட்டோம். ஏற்கெனவே யாராவது உள்ளே வந்திருந்தால்?

பதிப்பு உயர்த்தல் கதவைத்தான் மூடும், உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்றின் விஎம்வேர் ஹொரைசன் சர்வரில் இதே ஓட்டை வழியாகச் சிலர் நுழைந்தார்கள். அந்த சர்வர் திருத்தப்படாமல் இருந்தது. நுழைந்தவர்கள் கிரிப்டோ மைனிங் மென்பொருளை வைத்தார்கள், நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளை ஆளும் டொமைன் கன்ட்ரோலர் வரை நகர்ந்தார்கள், திரும்பி வருவதற்கு வேறு சில மெஷின்களில் வழி வைத்தார்கள். இதையெல்லாம் அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எஃப்பிஐயும் அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டன. முதல் சர்வரை மட்டும் திருத்தியிருந்தால் அவர்கள் போயிருக்க மாட்டார்கள்.

ஓட்டை திறந்திருந்த நாட்களின் லாக்கை எடுத்து ஜேஎன்டிஐ வரிகளைத் தேடுங்கள். இருந்தால் யாரோ முயன்றிருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம். ஆகவே அதே நேரத்தில் அந்த சர்வரிலிருந்து தெரியாத முகவரிக்கு எல்டாப், ஆர்எம்ஐ, டிஎன்எஸ் தொடர்பு போனதா என்று நெட்வொர்க் பதிவுகளில் பாருங்கள். புதிய க்ரான் வேலைகள், புதிய பயனர்கள், ஜாவா ப்ராசஸ் தொடங்கிய ஷெல் ஏதும் உண்டா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த சர்வரில் இருந்த டேட்டாபேஸ் கடவுச்சொல், கிளவுட் சாவி அனைத்தையும் மாற்றி, சர்வரைப் புதிதாக எழுப்புங்கள். இந்தியாவில் இயங்கும் நிறுவனமானால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவுப்படி இத்தகைய ஊடுருவலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

இனி எல்லா லைப்ரரியையும் வந்த அன்றே உயர்த்திவிடலாமா?

கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். 2024 மார்ச்சில், ஃபைல்களைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட் யூட்டில்ஸ் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பது வெளிவந்தது. அங்கே புதியதைப் போட்டவர்தான் மாட்டினார், பழையதில் இருந்தவர் தப்பினார். வழக்கமான உயர்த்தலுக்குச் சில நாள் பொறுக்கலாம். சுரண்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஓட்டைக்கான திருத்தத்துக்கு அந்தப் பொறுமை கூடாது. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால்தான் டீம்கள் தடுமாறுகின்றன என்பது என் கருத்து.

இவ்வளவு பெரிய தவறைச் செய்த லாக்4ஜேகாரர்களை ஏன் யாரும் கேட்பதில்லை?

கேட்டார்கள், திட்டவும் செய்தார்கள். அந்த டிசம்பரில் வேறு வேலை பார்த்துக்கொண்டே இரவு முழுக்க விழித்து நான்கு பதிப்புகளைத் தந்த சின்னக் குழு அது, பெரும்பாலும் சம்பளமில்லாமல். அவர்களுடைய உழைப்பில் ஓடும் நிறுவனங்களில் நானும் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஜேஎன்டிஐ லுக்அப் வேண்டாத வசதி என்பது என் எண்ணம். ஆனால் எட்டு வருடம் அந்த நிரல் எல்லோர் கண் முன்னாலும் திறந்து கிடந்தது, ஜேஎன்டிஐயின் ஆபத்தை 2016இலேயே பிளாக் ஹேட் பாதுகாப்பு மாநாட்டில் விளக்கியும் இருந்தார்கள். பயன்படுத்திய நாங்கள் யாரும் படித்துப் பார்க்கவில்லை. உங்கள் நிறுவனம் எந்தத் திறந்த மூல லைப்ரரிகளை நம்பி ஓடுகிறது என்று பட்டியல் எடுக்கும்போது, அதில் ஒன்றிரண்டுக்காவது பணமோ ஆள் நேரமோ கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒருமுறை சரிசெய்தது மறுபடி பழைய பதிப்புக்குத் திரும்புமா?

திரும்பும், நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் முந்தைய கன்டெய்னர் இமேஜுக்கு ரோல்பேக் செய்வார்கள். பேக்கப்பிலிருந்து ஒரு விர்ச்சுவல் மெஷினை எழுப்புவார்கள். யாரோ ஒரு புதிய லைப்ரரியைச் சேர்ப்பார், அது 2.14ஐ இழுத்துவரும். அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, இந்த ஓட்டை இன்னும் பத்தாண்டு அல்லது அதற்கு மேலும் எங்காவது மிச்சமிருக்கும் என்றது.

பில்டின் விதிகளைச் சரிபார்க்கும் மேவன் என்ஃபோர்சரில் தடைசெய்த டிபெண்டென்சிகள் என்ற விதி உண்டு. 2.17.1க்குக் கீழே உள்ள லாக்4ஜே-கோர் எந்த வழியில் வந்தாலும் பில்ட் விழும்படி எழுதிவிடுங்கள். கிரேடிலில் அதே வேலையை ரிஜெக்ட் செய்யும் கன்ஸ்ட்ரெயின்ட் செய்யும். ரெஜிஸ்ட்ரியில் தூங்கும் பழைய இமேஜ்களை வாரம் ஒருமுறை ஸ்கேன் செய்து, பாதிப்புள்ளதை அழித்துவிடுங்கள், ரோல்பேக்குக்கு என்று வைத்திருப்பவை உட்பட. பேக்கப்பிலிருந்து எழுப்பும் செயல்முறைக் குறிப்பில், நெட்வொர்க்கில் சேர்க்கும் முன் ஜார்களை விரித்துப் பார்க்கும் ஒரு படியைச் சேருங்கள். எங்கள் குறிப்பில் அது மூன்றாவது படியாக இருக்கிறது.